யார் எழுதிய எண்?

பீங்கான் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டிய காகிதத் துண்டு ஒன்று மிதக்கிறது. காகிதத்தின் மேல் சிவப்பில் 131 என்று இருக்கிறது, சுற்றிலும் முடி அளவுக்கு வெள்ளைக் கோடு. மனதுக்குள் இருபது வரை எண்ணிவிட்டு ட்வீசரால் எடுத்து டிஷ்யூ பேப்பர் மேல் வைத்தேன். இனி ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். காகிதத்துக்கும் அச்சுக்கும் நடுவில் உள்ள பசை கரைவதற்குள் தள்ளினால் எண் கிழிந்துவிடும்.

பெரியப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்புரை ஆபரேஷனுக்காக நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு வந்து எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தார். கட்டுப் பிரித்த கண்ணுக்கு எல்லாமே பளிச்சென்று தெரிகிற சந்தோஷத்தில், கையில் எது கிடைத்தாலும் கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"ஏங்கண்ணு, இத யாரு எழுதுனது?"

"இது அச்சடிச்சது பெரியப்பா. பெட்டிக்குள்ளயே வருது."

"அது தெரியுது. நெசமான வண்டி ஒண்ணு இருந்திருக்குமில்ல, அதுல யாரு எழுதுனதுன்னு கேக்கறேன். பிரஷ்ஷா, தகடு வெட்டி வெச்சு அடிச்சதா?"

பெரியப்பா நாற்பது வருஷம் லாரிகளுக்கு எழுதியவர். பட்டறையில் பாடி கட்டி முடித்த வண்டிக்கு நெற்றியில் சாமி பெயர், கதவில் முதலாளி பெயர், பின்னால் 'ஒலி எழுப்பவும்', எல்லாம் அவர் கை. எழுத்தைப் பார்த்தால் அவருக்கு முதலில் தெரிய வேண்டியது எழுதியவன் யார் என்பதுதான். நான் பதினோரு வருஷமாக இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் டாங்கிகளின் சின்ன உருவங்களைச் செய்து வருகிறேன். நூற்றுக்கணக்கில் எண்களும் சிலுவைகளும் ஒட்டியிருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. அன்றிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் செய்வது 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல்கள். நிஜ டாங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஏன் 35 என்ற விநோதமான எண் என்றால், ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தில் இருக்கும் தாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியின் மாடலை மோட்டார் வைத்து ஓடும் பொம்மையாகக் கொண்டுவந்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற மாதிரி உடலின் அளவை வைத்தார்கள். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கிட்டத்தட்ட முப்பத்தைந்தில் ஒன்றாக வந்தது. ஒரு பேட்டரிக்காக வைத்த அளவு, பிறகு உலகம் முழுக்க ராணுவ மாடல்களின் அளவாகவே ஆகிவிட்டது.

டீக்கால் என்பது இந்த மாடலின் மேல் ஒட்டும் அச்சுப் படம். சின்ன வயதில் பபிள்கம் காகிதத்தோடு ஒரு படம் வரும், தண்ணீர் தொட்டுக் கையில் அழுத்தி எடுத்தால் ஒட்டிக்கொள்ளும், நினைவிருக்கிறதா? அதன் நெருங்கிய சொந்தம் இது. அடியில் காகிதம், அதன் மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய ஏடு, ஏட்டின் மேல் மை. பசை கரைந்ததும் ஏடு மட்டும் வழுக்கிக்கொண்டு மாடலின் மேல் போய் உட்காரும். உட்காரும் வரைக்கும் அது தனி ஏடு, உட்கார்ந்த பிறகு பெயிண்டோடு பெயிண்டாகத் தெரிய வேண்டும். வேலையின் கஷ்டம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பெயிண்ட் அடித்து முடிந்த மாடல் டாங்கி, அந்த வகை டாங்கிகளில் ஏதோ ஒன்று. ஜெர்மனி டைகர் டாங்கியை 1300-க்கு மேல் செய்தது, அதில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான். 131 என்ற எண்ணை ஒட்டியதும் அது ஒரே ஒரு டைகர் ஆகிறது. ராணுவத்தில் எந்தக் கம்பெனி, எந்த ஊர், எந்த மாதம் என்று பதில் சொல்ல வேண்டிய டைகர். அதனால் டீக்காலை நான் அலங்காரமாக நினைப்பதில்லை. மாடல் வாய் திறந்து சொல்லும் ஒரே வாக்கியம் அதுதான்.

அந்த எண்ணைப் படிக்கும் விதம் எளிது. முதல் இலக்கம் கம்பெனி, இரண்டாவது அந்தக் கம்பெனிக்குள் இருக்கும் சிறு குழுவான பிளட்டூன், மூன்றாவது அந்தப் பிளட்டூனில் எத்தனையாவது வண்டி என்பது. அப்படியென்றால் 131 என்பது முதல் கம்பெனி, மூன்றாவது பிளட்டூன், முதல் வண்டி. பிளட்டூன் தலைவர் ஏறும் வண்டி. ரெஜிமெண்ட் தளபதியின் வண்டிக்கு ஆர்01 என்று எழுதினார்கள். பல கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியனின் தலைமை வண்டிகளுக்கு முன்னால் ரோமன் எண் வரும். தூசியும் புகையும் கிளம்பும் வெட்டவெளியில், ரேடியோவில் கூப்பிட்ட வண்டி எது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் எண்ணை அத்தனை பெரிதாக எழுதினார்கள். எதிரி பீரங்கிக்காரனும் பைனாகுலர் வைத்து அதே எண்ணைப் படிக்கலாம் என்பது இதில் இருந்த ஆபத்து. ஆர்01 என்று எழுதிய வண்டியை முதலில் அடி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் சில படைகள் தலைமை வண்டிகளுக்கு வழக்கத்துக்கு மாறான எண் வைத்தன. பிரான்ஸின் நார்மண்டியில் இருந்த, எஸ்எஸ் என்ற நாஜிக் கட்சிப் படையின் 101-ஆவது கனரக டாங்கிப் பட்டாலியனில் தலைமை வண்டிகள் 007, 008, 009.

நான் ஒட்டிக்கொண்டிருந்த 131, ஜெர்மனியின் 504-ஆவது கனரக டாங்கிப் பட்டாலியனைச் சேர்ந்தது. 1943-இல் காசல் நகரத்து ஹென்ஷல் தொழிற்சாலையில் செய்து, துனிசியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் குண்டு ஒன்று பட்டுத் தெறித்து, பீரங்கியோடு சுழலும் கோபுரமும் உடலும் சேரும் வளையத்தில் சிக்கியது. கோபுரம் திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடினார்கள். பெரிய சேதம் இல்லாமல் பிரிட்டிஷ்காரர்கள் கையில் கிடைத்த டைகர் அது. இப்போது இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2003-இல் சீரமைத்து மறுபடி ஓட வைத்தார்கள்.

பெரியப்பாவின் கேள்விக்கு இங்கே போய்ப் பதில் தேடினால் ஏமாற்றம்தான். அருங்காட்சியகத்தில் நிற்கும் டைகரின் எண், பிற்காலத்தில் சீரமைத்தவர்கள் எழுதியது. 1943-இல் எழுதிய கையைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத்தான் போக வேண்டும். போனேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, 131-ஐ மட்டும் இல்லாமல் கிடைத்த எல்லா டாங்கிப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதுவரை 'எந்த எண்' என்று மட்டும் பார்த்த கண்ணால் 'எப்படி எழுதிய எண்' என்று பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்தால், பாதிக்கு மேல் கை எழுத்து. தகடு வெட்டி வைத்து அடித்த எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். 0, 6, 8, 9 போன்ற எண்களின் நடுவில் தகடு விழாமல் இருக்க விட்ட சிறு பாலம் தெரியும், ஓரம் கூர்மையாக இருக்கும். பிரஷ்ஷில் எழுதியதில் அது இருக்காது. ஒரே வண்டியில் இடது பக்கத்து 2-க்கும் வலது பக்கத்து 2-க்கும் வயிறு வேறு வேறாக இருக்கும். வெள்ளைக் கோடு ஓரிடத்தில் தடித்து, மூலையில் பிரஷ் தூக்கிய இடத்தில் வால் மாதிரி இழுபட்டிருக்கும். அகலமான இடம் கிடைக்கவில்லை என்று கடைசி இலக்கத்தை நெருக்கி எழுதிய படம்கூடப் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவிடம் காட்டினேன். "இடம் அளக்காம ஆரம்பிச்சுட்டான்" என்றார் உடனே. "புதுப் பையன் எழுதிருக்கான்."

தொழிற்சாலையில் எழுதி வந்த எண்கள் இல்லை இவை. வண்டி படைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கே இருந்தவர்கள் எழுதியது. ஊரில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்தவன் படையில் இருந்தால் அந்தக் கம்பெனியின் எண்கள் அழகாக இருக்கும், இல்லையென்றால் இல்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். வண்ணமும் அப்படித்தான். 1943 பிப்ரவரி வரை பெரும்பாலான வண்டிகள் கரும் சாம்பல் நிறம். அதன் பிறகு தொழிற்சாலையில் மங்கிய மஞ்சள் மட்டும் அடித்து அனுப்பினார்கள். ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் குழம்பு மாதிரி டப்பாவில் தனியாக வரும். பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்துப் படைக்காரர்களே அடித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் கிடைத்தால் பெயிண்ட் நிற்கும், தண்ணீர் ஊற்றி அடித்தால் மழையில் கரைந்து வழியும். இரண்டு வண்டிகள் அச்சு அசல் ஒன்றாக இல்லாததற்குக் காரணம் இது.

சிலுவையின் கதை எண்ணின் கதையைவிடக் கடுமையானது. 1939 செப்டம்பரில் போலந்துக்குள் போன ஜெர்மன் டாங்கிகளின் மேல் பெரிய வெள்ளைச் சிலுவை இருந்தது. முழு வெள்ளை. நம்மவர் வண்டி என்று நம்மவருக்குத் தெரிவதற்காக. போலந்து டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களுக்கு அது குறி வைக்க வசதியான புள்ளியாகிவிட்டது. சாம்பல் வண்டியின் நடுவில் பளீரென்று ஒரு வெள்ளைக் குறி, அதைப் பார்த்து அடித்தால் போதும். வண்டிக்குள் இருந்தவர்கள் சிலுவையின் மேல் சேற்றை அள்ளிப் பூசினார்கள். சிலர் நடுவில் மஞ்சள் அடித்து வெள்ளையைக் குறைத்தார்கள். அடுத்த வருஷம் பிரான்ஸுக்குப் போகும்போது சிலுவை, வெள்ளை ஓரக் கோடு மட்டுமாகச் சுருங்கிவிட்டது. போலந்துப் போர் மாடலில் வெள்ளைச் சிலுவையை ஒட்டிவிட்டு, அதன் மேல் நானே மண் நிறப் பெயிண்டைப் பூசி மறைத்திருக்கிறேன். ஒட்டின சுத்தத்துக்கு மேல் சேற்றை அப்புவதற்கு மனசு வராது. ஆனால் அந்தச் சேறுதான் உண்மை. உள்ளே உட்கார்ந்திருந்தவனின் உயிர்ப்பயம் அந்த ஒரு பூச்சில் இருக்கிறது.

ஒட்டும் வேலைக்கு வருகிறேன். எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ராணுவ வண்டி என்றால் பளபளப்பில்லாத பெயிண்ட். அந்தப் பெயிண்ட்டின் மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி மேடும் பள்ளமும் கொண்டது. அதன் மேல் டீக்காலை நேரே வைத்தால் பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு சாய்த்துப் பார்த்தால் எண்ணைச் சுற்றி மீன் செதில் மாதிரி மினுமினுக்கும். அப்புறம் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அந்தக் கண்ணாடித் தளத்தின் மேல்தான் ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பளபளப்பில்லாத வார்னிஷை மேலே அடித்து அடக்கலாம்.

ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் என்ற திரவத்தைத் தடவுகிறேன். காடி வாசம் அடிக்கும், அதில் இருப்பதும் அந்த அமிலம்தான். டீக்காலை அதன் மேல் வழுக்கவிட்டு, ஈர பிரஷ்ஷால் நகர்த்தி நேராக்கி, இயர் பட்ஸை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுகிறேன். அப்புறம் மைக்ரோ சோல். இது ஏட்டையே இளக்கும் சமாசாரம். தடவிய ஒரு நிமிஷத்தில், அதுவரை தரை மாதிரி சமமாக இருந்த 131 சுருங்கி, முறுக்கி, கசங்கின துணி மாதிரி ஆகும். முதல் தடவை பார்த்தவர்கள் பதறி விரலால் நீவிவிடுவார்கள். நீவினால் முடிந்தது, எண் விரலோடு வந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் அந்தச் சுருக்கம் தானாக இறங்கி, அடியில் உள்ள ஒவ்வொரு வெல்டிங் தடத்தையும் ஆணித் தலையையும் பிடித்துக்கொண்டு பெயிண்ட் மாதிரி படியும்.

சிம்மரிட் உள்ள வண்டி என்றால் வேலை இரட்டிப்பு. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க 1943-இன் பிற்பாதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை ஜெர்மன் டாங்கிகளின் மேல் பூசிய ஒரு வகைக் களிம்பு அது. சீப்பால் வாரின மாதிரி வரி வரியாக இருக்கும். அந்த வரிகளின் மேல் தட்டையான ஏடு எப்படிப் படியும்? மைக்ரோ சோலை நான்கு ஐந்து முறை தடவி, ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் புது பிளேடால் மெல்லக் கீறி, மறுபடி தடவி, ஒரு எண்ணுக்கு ஒரு முழு மாலை ஆகும். நிஜத்தில் எழுதியவர்களுக்கும் இந்தக் கஷ்டம் இருந்திருக்கிறது. 505-ஆவது கனரக டாங்கிப் பட்டாலியனின் சின்னம் குதிரையில் பாயும் வீரன். அதைக் கோபுரத்தின் பக்கவாட்டில் வரைந்தார்கள். வரி வரியான களிம்பின் மேல் குதிரை முகமும் வேலும் சரியாக வராதென்று, வரைய வேண்டிய இடத்தில் மட்டும் சிம்மரிட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு இரும்பின் மேல் வரைந்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. போர் நடக்கும் இடத்தில், பாதுகாப்புக்குப் பூசியதைச் சுரண்டிவிட்டு, படம் நன்றாக வர வேண்டும் என்று நினைத்திருக்கிறான் ஒருவன். மாடலில் அந்தச் சதுரத்தை நானும் பிளேடால் சுரண்டித்தான் எடுத்தேன்.

டாங்கிப் படைகளின் சின்னங்களைப் பற்றி மட்டுமே தனியாக எழுதலாம். பிரான்ஸில் உருவான 23-ஆவது பிரிவுக்கு ஈஃபில் கோபுரம். 11-ஆவதுக்கு வாளேந்திய பேய். 116-ஆவதுக்கு ஓடும் வேட்டை நாய். ஹிட்லரின் மெய்க்காப்புப் படையிலிருந்து வளர்ந்த எஸ்எஸ் பிரிவுக்குச் சாவி. அதன் தளபதி பெயர் டீட்ரிஷ், ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பூட்டைத் திறக்கும் கள்ளச்சாவி என்றும் அர்த்தம். தளபதி குடெரியனின் படைத் தொகுதி 1941-இல் ரஷ்யாவுக்குள் போனபோது வண்டிகளில் வெறும் ஜி எழுத்து.

ஜெர்மனியின் ஆப்பிரிக்கப் படையின் சின்னம் பனைமரம், அதன் நடுத்தண்டின் மேல் ஹாகென்க்ராய்ட்ஸ், அதாவது நாஜிகளின் கொக்கிச் சிலுவை. பெரும்பாலும் தகடு வெட்டி வைத்து வெள்ளையில் அடித்தது. டீக்கால் தாளில் இந்தச் சின்னம் முழுதாக வருவது அபூர்வம். பனைமரம் தனியாக இருக்கும், கொக்கிச் சிலுவை இரண்டு பாதியாக வெட்டித் தாளின் வேறு மூலையில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86அ பிரிவு, நாஜி அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. கல்வி, ஆராய்ச்சி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பொம்மைப் பெட்டியை அந்த விலக்குக்குள் கொண்டுவந்து வாதாடுவதைவிடச் சின்னத்தை வெட்டிப் போடுவது நிறுவனங்களுக்குச் சுலபம்.

அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சுவஸ்திகாவ ஏன்டா ரெண்டா வெட்டி வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். நம் வீட்டு நிலைப்படியில் மஞ்சளில் போடும் குறிதான் அம்மாவுக்கு அது. உட்கார வைத்துச் சொன்னேன். அந்தக் குறியை நெஞ்சில் குத்திக்கொண்டவர்கள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றது, சாய்த்து வைத்த அந்தக் கறுப்புக் குறியை ஐரோப்பாவில் இன்றைக்கும் பார்ப்பவர்களுக்கு வயிறு கலங்குவது. அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "அப்ப நீ ஒட்டப் போறியா?" என்றார்.

ஒட்டினேன். இதில் என் நிலை தெளிவானது. பனைமரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கொக்கிச் சிலுவையை எடுத்துவிட்டால், பாலைவனத்தில் மணல் நிற வண்டி ஓட்டிய ஏதோ ஒரு படை என்று ஆகிவிடும். யாருக்காக அங்கே சண்டை போட்டார்கள் என்பது மறைந்துவிடும். அந்தப் பனைமரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நம் ஊர் ஆட்களும் இருந்தார்கள் என்பதை நான் மறக்கத் தயாராக இல்லை. வட ஆப்பிரிக்காவில் சண்டையிட்ட நான்காவது இந்திய டிவிஷனில் மதராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். கண்ணிவெடி எடுப்பதும் பாதை போடுவதும் அவர்கள் வேலை. அவர்களில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி ஒன்று வெடிக்கப் போகும் நொடியில் மற்றவர்களைக் காப்பாற்ற அதன் மேல் விழுந்து இறந்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். பதுங்கி வந்து மணலில் கையை விட்டு ஜெர்மன் வெடிகளைத் தோண்டியெடுத்த அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் அந்தப் பனைமரம் எனக்கு நினைவுபடுத்துகிறது.

இதைவிடக் கனமான ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் நடந்த குர்ஸ்க் போரில் இருந்த டைகர் ஒன்றைச் செய்தேன். எஸ்எஸ் 'தாஸ் ரைஷ்' டிவிஷன். 1943 ஜூலையில் அந்தப் போருக்காக எஸ்எஸ் டிவிஷன்கள் தங்கள் வழக்கமான சின்னங்களை மறைத்துவிட்டு வெறும் கோடுகளைப் பயன்படுத்தின. தாஸ் ரைஷுக்குப் படுக்கைக் கோட்டின் மேல் நிற்கும் இரண்டு கோடுகள். அவர்களின் டைகர் எண்கள் எஸ் என்ற எழுத்தில் ஆரம்பிக்கும், 'கனரக' என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. கூடவே குதிக்கும் குட்டிச் சாத்தான் படம். ஒட்டி முடித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோடுகள் அவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தன. ஷெல்ஃபின் நடுவில் வைத்தேன்.

அதன் பிறகுதான் அந்த டிவிஷனைப் பற்றி முழுதாகப் படித்தேன். 1944 ஜூன் 9, பிரான்ஸில் டூல் என்ற ஊர். 99 பேரைத் தெருவில் பால்கனிகளிலும் விளக்குக் கம்பங்களிலும் தூக்கில் போட்டார்கள். மறுநாள் ஒரதூர்-சூர்-க்லான் கிராமம். ஆண்களைக் களஞ்சியங்களில் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் வைத்து எரித்தார்கள். 640 பேருக்கு மேல். அந்தக் கிராமத்தை எரிந்த நிலையிலேயே வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். ஒரதூரில் இதைச் செய்தது டாங்கிப் படை இல்லை, அதே டிவிஷனின் காலாட்படை ரெஜிமெண்ட். நான் செய்த டைகர் அன்றைக்கு அந்த ஊரில் இல்லை. எனக்கு அது ஆறுதலாக இல்லை. நான் பளபளப்பு வார்னிஷ் அடித்து, காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டிய சின்னம் அவர்களுடையது.

அதை உடைத்துப் போடலாமா என்று யோசித்தேன். செய்யவில்லை. மாடலைத் தாங்கும் மரப்பலகையின் அடியில் ஒரு தாள் ஒட்டினேன். எந்த வண்டி, எந்தப் போர், எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தது என்று எழுதி, அதன் கீழ் டூல், ஒரதூர், தேதி, இறந்தவர்களின் எண்ணிக்கை. அதற்கப்புறம் நான் செய்கிற ஒவ்வொரு மாடலுக்கும் அடியில் ஒரு தாள் உண்டு. வீட்டுக்கு வருபவர்கள் மாடலைப் பார்த்து "சூப்பரா இருக்கே" என்று சொன்னால், கையில் எடுத்துத் திருப்பிக் காட்டுகிறேன். சிலர் படித்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது முதலில் எடுத்ததைவிட மெதுவாக வைக்கிறார்கள்.

இந்தப் பொங்கலுக்கு நாமக்கல் போகும்போது பாதி முடிந்த மாடல் ஒன்றை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்துக் கொண்டுபோனேன். டி-34, சோவியத் டாங்கி. 1943 மார்ச்சில் ஜெர்மன்காரர்கள் கார்கோவ் நகரத்தைத் திரும்பப் பிடித்தபோது அங்கே பழுது பார்க்க நின்ற டி-34 வண்டிகள் இதே தாஸ் ரைஷ் கையில் கிடைத்தன. சரிசெய்து குர்ஸ்கில் ஓட்டினார்கள். எதிரியின் உருவம் கொண்ட வண்டி என்பதால், சொந்தப் பீரங்கியே சுட்டுவிடும் என்ற பயத்தில் கோபுரத்திலும் உடலிலும் மேல்மூடியிலும் பெரிய பெரிய சிலுவைகளை எழுதினார்கள். போலந்தில் சிலுவையைச் சேற்றால் மறைத்தவர்கள், இங்கே வானத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று எழுதினார்கள். படங்களில் அந்தச் சிலுவைகள் கோணல் மாணலாக, அவசரத்தில் எழுதியதாக இருக்கின்றன. டீக்கால் தாளிலோ அடிக்கோல் வைத்து அடித்த மாதிரி நேராக இருந்தது. அதை ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.

பெரியப்பா திண்ணையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். பழைய பிரஷ்ஷுகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதில் இருப்பதிலேயே மெல்லியதை எடுத்து, முடியை நுனி நாக்கில் வைத்துக் கூராக்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

"இது எந்த ஊர் வண்டி?"

"ரஷ்யா வண்டி பெரியப்பா. ஜெர்மன்காரன் புடிச்சு, அவன் குறியப் போட்டு ஓட்டுனது."

"அப்படிச் சொல்லு. கை மாறுன வண்டி." வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னால ரஷ்யாக்காரன் ஏதாச்சும் எழுதியிருப்பானே?"

"வெள்ளைல நம்பர் எழுதியிருப்பாங்க."

"அத மொதல்ல எழுதிக்கோ."

எழுதினேன். காய்ந்ததும் அவர் சொன்னபடி வண்டி நிறத்தை மிக மெல்லியதாகக் கரைத்து அதன் மேல் ஒரு பூச்சுப் பூசினேன். விலைக்கு வாங்கின லாரிக்குப் பழைய முதலாளி பெயரை அழித்து எழுதும்போது ஒரு கோட்டிங்கில் அது மறையாதாம். வெயில் பட்டுப் பட்டு ஒரு வருஷத்தில் அடியிலிருந்து மேலே வந்துவிடுமாம். எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன் என்றார்.

அவர் சுண்டுவிரலை மாடலின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டார். மூச்சை நிறுத்தினார். கறுப்பில் குறுக்கே ஒரு இழுப்பு, நெடுக்கே ஒரு இழுப்பு. பிரஷ்ஷைக் கழுவி வெள்ளை தொட்டு ஓரக் கோடுகளை எழுதினார். கீழ்ப்பக்கக் கோடு லேசாகச் சரிந்தது. துடைக்கப் போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டும் பெரியப்பா" என்றேன்.

சிலுவையின் இடது கைக்கு வெளியே, பழைய எண்ணின் கடைசி இலக்கம் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது.